கரகரப்பைக் காசு கொடுத்து வாங்கினேன்: சீமோர் டங்கன் டிஸ்டார்ஷன் பிக்கப், ஏழு மாதங்களுக்குப் பிறகு

"இதன் பெயரே டிஸ்டார்ஷனா? இதையா தம்பி காசு கொடுத்து வாங்கினாய்?"

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி இது. பாளையங்கோட்டையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். விழாக்கள் இல்லாத மாதங்களில் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் மிக்சிக்கும் காயில் கட்டுவார். நாற்பது வருடமாக அவர் செய்துவரும் வேலையில் பாதி, டிஸ்டார்ஷனை ஒழிப்பதுதான். கொடை விழாவில் கூம்பு ஒலிபெருக்கி லேசாகக் கரகரத்தால் போதும், வரிதாரர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர் மேசையில் 10,900 ரூபாய்க்கு வாங்கிய கரகரப்பை வைத்து, இதை என் கிட்டாரில் பொருத்தித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

பொருள் இதுதான்: சீமோர் டங்கன் நிறுவனத்தின் எஸ்எச்-6, டிஸ்டார்ஷன் என்ற பெயரில் வரும் ஹம்பக்கர், அதாவது இரண்டு சுருள் கொண்ட பிக்கப், கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கத்துக்கானது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 1976ல் தொடங்கிய நிறுவனம் அது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கம்பிகளுக்கு அடியில் உட்காரும் பிக்கப் தானாக எதையும் கரகரக்க வைப்பதில்லை. கம்பியின் அதிர்வை வலுவான மின்குறிப்பாக்கி அனுப்புகிறது. ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், அந்த வலுவைத் தாங்காமல் திணறும்போது வருவதுதான் நாம் விரும்பும் அந்தக் கரகரப்பு. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் தப்பு ஆம்ப்மேல்" என்று முடித்துவிட்டார்.

முதலில் எனக்கு என்ன குறை இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். என்னுடையது 2011ல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய தொடக்கநிலை எலெக்ட்ரிக் கிட்டார். இரண்டு ஹம்பக்கர், மூன்று நிலை ஸ்விட்ச், ஒரு வால்யூம், ஒரு டோன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயப் பாடகர் குழுவில் அதையே வாசிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும் மெட்டல் குழுவிலும் அதையே வாசிக்கிறேன். டிரம்ஸ் வாசிக்கும் நண்பனின் மாமாவுக்கு ஒரு நெல் குடோன் இருக்கிறது. அறுவடை முடிந்து மூட்டைகள் ஏறும் காலம் தவிர, மற்ற நாட்களில் அது எங்களுக்கு.

அந்தக் குடோனில்தான் என் கிட்டாரின் வண்டவாளம் வெளியே வந்தது. நாங்கள் டிராப் சி சுருதியில் வாசிக்கிறோம். அதாவது கனமான ஆறாவது கம்பியை வழக்கமான 82 ஹெர்ட்ஸிலிருந்து ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸுக்கு இறக்கி வைக்கிறோம். அந்தச் சுருதியில், வலது உள்ளங்கையின் ஓரத்தால் கம்பியை அமுக்கிக்கொண்டு வேகமாக அடித்தால், ஒவ்வொரு அடியும் உரலில் உலக்கை விழுவது போல் தனித்தனியாக விழ வேண்டும். எனக்குக் கிடைத்தது தண்ணீர் அதிகமாகிப்போன கிரைண்டர் மாவு. அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கூழாக வந்தன. ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் கெயினைக் கூட்டினால் கூழ் இன்னும் கொழகொழத்தது. அதற்கு மேலும் கூட்டினால் பிக்கப் ஊளையிட்டது. நான் வாசிக்காமல் சும்மா நிற்கும்போதே, மைக்கை ஒலிபெருக்கிக்கு நேராகப் பிடித்தால் வருமே, அந்த ஊளை.

பிக்கப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால், முடிவு செய்த அன்று என் கிட்டாரில் கிடந்தவை 9-42 அளவிலான மெல்லிய கம்பிகள். டிராப் சிக்கு இறக்கினால் அவை துணி காயப்போடும் கொடியைப் போலத் தொங்கும். முதலில் அதைத்தான் மாற்றியிருக்க வேண்டும். 11-54 செட் ஒன்று எனக்கு 750 ரூபாய்க்குக் கிடைத்தது. பத்தாயிரம் ரூபாய்ப் பொருளை ஆர்டர் செய்துவிட்டு அது வந்து சேரும் வரை காத்திருந்த ஒன்பது நாட்களில், சும்மா இருக்க முடியாமல் கம்பிகளை மாற்றினேன். கூழில் பாதி அன்றைக்கே கெட்டியாகிவிட்டது. கூரியர்காரர் வாசலில் வந்து நின்றபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

ஆனாலும் அந்த ஒன்பது நாட்களால் ஒரு நன்மை. கனமான கம்பிகளோடு, பழைய பிக்கப்பில் ஐந்து துண்டுகளைக் கணினியில் பதிவு செய்து வைத்துக்கொண்டேன். ஆகவே கீழே நான் சொல்லும் வித்தியாசம் பிக்கப்புக்கு மட்டும் உரியது, கம்பிக்கு அல்ல.

அண்ணாச்சியின் கடைக்குப் போனது மே மாத மதியம். சால்டரிங் அயர்னின் சூடு காற்றில் இறங்கிவிடும் என்று ஃபேனை அணைத்துவிட்டிருந்தார். ஊர் முழுக்க ஃபேனுக்குக் காயில் கட்டுகிறவரின் கடையில் ஃபேன் ஓடாது. பிக்கப்பைக் கையில் எடுத்ததும் முதலில் ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் கொண்டுபோய்க் காந்தத்தைச் சோதித்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "ஸ்பீக்கர் முதுகில் இருக்குமே, அந்தக் கறுப்புக் காந்தமா?" என்றார். அதேதான். பழைய காலத்துப் பிக்கப்களில் அல்னிகோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகக் காந்தம் இருக்கும். இதில் இருப்பது செராமிக் காந்தம். அதன் ஒலி பொதுவாக இறுக்கமாக, விளிம்பு கூர்மையாக வரும். அல்னிகோவின் ஒலி சற்றுக் குழைந்து வரும். இதை விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை சுற்று, எத்தனை மெல்லிய கம்பி என்பதும் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கிறது. ஆனாலும் கையில் எடுத்து வாசிக்கும்போது தெரிகிற போக்கு அதுதான்.

"கரண்டே கொடுக்காமல் இதில் எப்படிச் சத்தம் வரும்?" என்று அடுத்து கேட்டார். சைக்கிள் டைனமோ என்று ஒரு வார்த்தை சொன்னேன், பிடித்துக்கொண்டார். டைனமோவில் காந்தம் சுழல்கிறது. இங்கே காந்தம் சும்மா இருக்க, அதற்கு மேலே இரும்புக் கம்பி ஆடுகிறது. இரண்டிலும் சுருளுக்குள், அதாவது காயிலுக்குள், காந்தப்புலம் மாற, மின்சாரம் பிறக்கிறது. "அதற்கு ஏன் இரண்டு காயில்?" என்றார். ஒரு காயில் மட்டும் இருந்தால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955ல் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தால், கம்பியின் ஒலி கூடும், முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அண்ணாச்சி நான் முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. "மைக்குக்கு மூன்று பின் ஒயர் போடுகிறோமே, அந்த வித்தைதானே?" என்றார். கிட்டத்தட்ட அதுதான், அங்கேயும் எதிரெதிராகப் போகும் இரண்டு ஒயர்கள் முனகலை அழித்துக்கொள்கின்றன. இருபது வருடம் கிட்டார் வாசித்தும் எனக்கு அந்த ஒப்புமை தோன்றியதில்லை.

பிறகு மல்டிமீட்டரை வைத்தார். இந்தப் பிக்கப்புக்குச் சொல்லப்படும் தடை ஏறத்தாழ 16.6 கிலோ ஓம். மீட்டர் காட்டியது 17.2. போலிச் சரக்கோ என்று எனக்கு நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. அண்ணாச்சி சிரித்தார். "வெயிலைப் பார்த்தாயா? செம்பு சூடானால் ஓம்ஸ் ஏறும். ராத்திரி வந்து பார், இறங்கியிருக்கும்." செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். குளிர்ந்த அறைக்கான அளவைவிட எங்கள் ஊர் மே மாதத்தில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது சரிதான். வாங்கிய பிக்கப்பை வீட்டில் அளந்து பார்த்துப் பதறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் காயிலில் சில நூறு ஓம் மட்டுமே பார்த்துப் பழகிய அவருக்கு, விரல் நீளத்தில் ஒரு பெட்டிக்குள் 17,000 ஓம் இருப்பது பெரிய அதிசயம். "முடியைவிட மெல்லிசாக இருக்க வேண்டும். இதை எந்தக் கையால் சுற்றினார்கள்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

இனி நான் செய்த முட்டாள்தனம்.

இந்தப் பிக்கப்பிலிருந்து கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை என நான்கு ஒயர்களும் உறையில்லாத ஒன்றும் வருகின்றன. என் பணப்பையில் பல வருடங்களாக ஒரு காகிதம் உண்டு. நண்பன் ஒருவனின் கிட்டாருக்கு டிமார்ஜியோ என்ற வேறு நிறுவனத்தின் பிக்கப் போட்டபோது நான் எழுதி வைத்த நிற வரிசை. சிவப்பு சிக்னல், பச்சையும் உறையில்லாததும் எர்த், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக முறுக்கி மூடிவிட வேண்டும். எல்லா நிறுவனத்துக்கும் ஒரே வரிசைதான் இருக்கும் என்று நினைத்து, பெட்டியோடு வந்த தாளைப் பிரிக்காமலே அந்தக் காகிதத்தை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் அப்படியே பற்ற வைத்தார். அழகான வேலை, மணி மணியாக ஈயம். குடோனுக்குக் கொண்டுபோய் ஆம்பில் செருகினால், கொசு.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒலி மெலிந்து, கூர்த்து, கூடவே "ம்ம்ம்" என்று ஒரு முனகல். பழைய பிக்கப்பே தேவலாம் என்று இருந்தது. டிரம்ஸ்காரன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, "பத்தாயிரமா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் அண்ணாச்சி மீட்டரின் முனைகளைக் கிட்டார் ஒயரின் முனையில் வைத்தார். எட்டரை. "நேற்று பதினேழு, இன்றைக்கு எட்டரை. பாதிக் காயில்தான் ஓடுகிறது தம்பி. இன்னொன்றைத் தன் தலையையும் வாலையும் சேர்த்து நீயே கட்டிப் போட்டுவிட்டாய்." அப்போதுதான் தாளைப் பிரித்தோம். சீமோர் டங்கனில் கறுப்பும் வெள்ளையும் ஒரே சுருளின் இரு முனைகள். கறுப்பு சிக்னலுக்குப் போக வேண்டும், பச்சையும் உறையில்லாததும் எர்த்துக்கு, சிவப்பும் வெள்ளையும்தான் ஒன்றாகச் சேர வேண்டும். நான் ஹம்பக்கரின் ஒரு சுருளைச் செத்த சுருளாக்கி, முனகும் ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றைப் பத்தாயிரம் ரூபாய்க்கு உருவாக்கியிருந்தேன். தாளைப் படியுங்கள். படித்துவிட்டு, பற்ற வைத்ததும் மீட்டரால் ஒரு முறை அளந்துவிடுங்கள். வால்யூமை முழுதாகத் திறந்து வைத்து அளந்தால், பிக்கப்பின் தடைக்குச் சற்றே குறைவாகக் காட்ட வேண்டும். பாதி காட்டினால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக இணைத்த பிறகும் முதல் ஒலி என்னை மயக்கவில்லை. சத்தம் தாராளமாக இருந்தது, ஆனால் கூழ் இன்னும் இருந்தது, இப்போது காரமான கூழ். காரணம் உயரம். அதிகக் கனம் வேண்டும் என்ற பேராசையில் பிக்கப்பைக் கம்பிக்கு ஒட்டி ஏற்றி வைத்திருந்தேன். கிட்டார் கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளில் கடைசியானதில், அதாவது கடைசி ஃப்ரெட்டில், கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை நுழைத்துப் பார்த்தேன், சிக்கியது. அதாவது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு நாணயங்களை அடுக்கினால் நுழையும் அளவுக்கு இறக்கினேன், கனமான கம்பிகளின் பக்கம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். மெல்லிய கம்பிகளின் பக்கம் அதைவிடக் கொஞ்சம் நெருக்கம். உலக்கை விழுந்தது.

அந்த நொடியைப் பற்றி எழுதாமல் கடந்து போக மனம் வரவில்லை. ஆறாவது கம்பியைத் திறந்து விட்டு, உள்ளங்கையை வைத்து, நான்கு அடி. குடோனின் தகரக் கூரை நான்கு முறை தனித்தனியாக அதிர்ந்தது. நான்குக்கும் நடுவே அமைதி இருந்தது. கனம் என்பது ஒலியில் இல்லை, அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்கும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் காதால் புரிந்துகொண்டேன். பழைய பிக்கப்பில் அந்த வெற்றிடத்தை அதிர்வின் வால் நிரப்பிக்கொண்டிருந்தது. ஊளையும் நின்றுவிட்டது. இந்தப் பிக்கப்பின் சுருள்கள் மெழுகில் தோய்த்தவை. சுருளின் கம்பிகள் தளர்வாக இருந்தால் அவையே அதிர்ந்து மைக் போல வேலை செய்யும். மெழுகு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் காந்தத்தைவிட எனக்குப் பெரிய லாபம் இந்த மெழுகுதான். கெயினை வைத்துக்கொண்டே திடீரென்று நிறுத்தினால், நிற்கிறது.

பதிவுகளை ஒப்பிட்டபோது ஒரு எச்சரிக்கை தேவைப்பட்டது. புதிய பிக்கப் இயல்பிலேயே சத்தம் கூடியது. அப்படியே போட்டுக் காட்டினால், யாராக இருந்தாலும் சத்தம் கூடியதைத்தான் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஆகவே இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பெயரை மறைத்து, பேஸ் வாசிக்கும் நண்பனுக்கு அனுப்பினேன். உள்ளங்கையால் அமுக்கி வாசித்த துண்டுகள் எல்லாவற்றிலும் புதியதைச் சரியாகக் கண்டுபிடித்தான். நீண்ட நாண்களை, அதாவது கார்டுகளை, வாசித்த துண்டில் தடுமாறினான். என் காதுக்கும் அப்படித்தான். நீளமாக இழுத்து வாசிக்கும் இடத்தில் பழையதற்கும் புதியதற்கும் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் இல்லை.

இங்கே கொஞ்சம் பழைய கதை பேச வேண்டியிருக்கிறது. அதிக வலு கொண்ட பிக்கப் என்ற எண்ணமே ஒரு காலத்தின் தேவையிலிருந்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் லாரி டிமார்ஜியோ நியூயார்க்கில் சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப்பைச் செய்தபோது, பெரும்பாலான வால்வு ஆம்ப்களில் கரகரப்பு வேண்டும் என்றால் சத்தத்தை முழுதாகத் திறந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் வலுவான பிக்கப்பை வைத்தால் ஆம்ப் சீக்கிரமே திணறும். இன்றைக்கு என் கணினியில் இருக்கும் ஆம்ப் மென்பொருளில் கெயின் குமிழ் பாதியைத் தாண்டியதே இல்லை. கெயினுக்குப் பஞ்சமில்லாத காலத்தில், "இது எத்தனை சூடான பிக்கப்", அதாவது எத்தனை வலுவானது, என்று ஓம் கணக்கைப் பார்த்து வாங்குவது, கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும்போது பெரிய வாளி தேடுவது போல. ஓம் அதிகம் என்றால் சுற்றும் அதிகம் அல்லது கம்பி மெல்லிசு என்று தெரியும், அவ்வளவே. ஒலியின் குணம் அந்த எண்ணில் எழுதியிருக்காது.

இதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி பிளாக் சாபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி. பர்மிங்காமில் தகர ஆலையில் வேலை செய்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைப் பழக்கம் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கை அது. 1970ல் வந்த அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தில் அவர் வாசித்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரில் இருந்தவை ஹம்பக்கர் அல்ல, பி-90 என்னும் ஒற்றைச் சுருள் பிக்கப்கள். ஆம்புக்கு முன்னால் அவர் வைத்தது, கீழ்ஒலியைக் கூட்டும் கருவி அல்ல, மேல்ஒலியைக் கூட்டும் டிரெபிள் பூஸ்டர். உலகமே கனம் என்று ஒப்புக்கொண்ட ஒலி அப்படிப் பிறந்தது. ஆம்புக்கு முன்னால் காலடியில் வைக்கும் டியூப் ஸ்கிரீமர் என்ற கரகரப்புப் பெடலும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஒலியைக் கரகரப்புக்குள் போகவிடாமல் குறைத்துக்கொள்கிறது. கீழ்ஒலி நிறையப் போய்க் கரகரத்தால் கூழ். குறைத்து அனுப்பினால் உலக்கை. எஸ்எச்-6 செய்வதும் ஓரளவு அதையே. அதன் கீழ்ஒலி பெருத்தது அல்ல, இறுகியது. கனம் தேடி வாங்கி, முதல் நாளில் "பேஸ் குறைகிறதே" என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் பொறுங்கள். பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

இப்போது பிடிக்காதவை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கீர்த்தனைக்குக் கரகரப்பில்லாமல், சுத்தமாக, மென்மையாக நாண்களை மீட்ட வேண்டும். இந்தப் பிக்கப் அங்கே ஒரு முரடன். மேல்ஒலி கண்ணாடித்தாள் கசங்குவது போல் உரசுகிறது, ஆலயத்தின் சின்ன ஆம்ப் தானாகவே திணறத் தொடங்குகிறது. வால்யூமை 6க்கு இறக்கினால் திணறல் போகிறது, கூடவே ஒலியின் பளபளப்பும் போகிறது. அதற்கு வால்யூம் குமிழில் சின்னக் கெபாசிட்டர் ஒன்று வைக்கும் வழி உண்டு, இன்னும் வைக்கவில்லை. ஆர்கன் வாசிக்கும் அம்மா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கிட்டாருக்குச் சளி பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார். இப்போது காலை ஆராதனை முழுவதும் ஸ்விட்ச், கிட்டாரின் கழுத்தை ஒட்டி இருக்கும் நெக் பிக்கப் பக்கமே இருக்கிறது.

அந்த நெக் பிக்கப் பழையது. புதிய முரடனுக்குப் பக்கத்தில் அது நோஞ்சானாகத் தெரிகிறது. ஸ்விட்சை மாற்றும்போதெல்லாம் சத்தம் சரேலென்று இறங்குகிறது. பிரிட்ஜ் பிக்கப்பை இன்னும் கொஞ்சம் இறக்கி, நெக் பிக்கப்பை ஏற்றி ஒருவாறு சமாளிக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்றுகிறவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். இரு நிறுவனத்துப் பிக்கப்கள் ஒரே கிட்டாரில் இருக்கும்போது, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் நடுநிலையில் ஒலி மூக்கடைத்தாற்போல் வந்தால், ஒன்றின் சுருளிணைப்பைத் தலைகீழாக்க வேண்டும். எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

அளவிலும் கவனிக்க ஒன்று உண்டு. என் கிட்டாரின் பிரிட்ஜில் கம்பிகளின் இடைவெளி சற்று அகலம். அதற்கென்றே டிரெம்பக்கர் என்று அகலமான வகையையும் அதே நிறுவனம் தருகிறது, டிபி என்ற எழுத்துகளோடு. நான் பார்க்காமல் குறுகிய வகையை வாங்கிவிட்டேன். ஓரத்துக் கம்பிகள் இரண்டும் பிக்கப்பின் காந்த முனைகளுக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நிற்கின்றன. கண்ணுக்கு உறுத்துகிறது. காதுக்கு ஒன்றும் தெரியவில்லை.

முனகலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடோனில் இருக்கும் சாக்கெட்டில் மூன்றாவது துளை அலங்காரத்துக்கு மட்டும். எர்த் ஒயர் கிடையாது. எந்த ஹம்பக்கரும் அதைச் சரிசெய்யாது. டியூப் லைட்டைப் போட்டால் ஒரு இரைச்சல், அணைத்தால் குறைவு. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, பிக்கப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுத் திட்டினார். கையில் இரும்புக் கம்பியும் உதட்டில் மைக்கும் வைத்துக்கொண்டு எர்த் இல்லாத ஆம்பில் வாசிப்பது உயிரோடு விளையாடுவது. மாமாவிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் போட்டோம். இரைச்சலிலும் பாதி போனது.

மாற்றாக எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: நான் நேரில் வாசித்தது இரண்டுதான். நண்பனின் கிட்டாரில் இருக்கும் சூப்பர் டிஸ்டார்ஷன், நடுஒலி கொழுத்தது, தனியாக வாசிக்கும் இடங்களில் இதைவிட இனிமை. இன்னொருவரிடம் இஎம்ஜி 81. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு, ஸ்லேயரின் கெர்ரி கிங் போன்ற மெட்டல் கிட்டார் கலைஞர்கள் கையில் புகழ்பெற்றது. அது ஆக்டிவ் வகை. உள்ளேயே சிறு பெருக்கி இருப்பதால் 9 வோல்ட் பேட்டரி வேண்டும், குமிழ்களையும் 25 கிலோ ஓம் வகைக்கு மாற்ற வேண்டும், பேட்டரிக்கு இடம் தேட வேண்டும். இறுக்கத்திலும் அமைதியிலும் அது எஸ்எச்-6ஐவிட ஒரு படி மேலே. ஆனால் மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே முகம் காட்டுவது போல் எனக்குத் தோன்றியது. விரலின் கோபம் தெரிய வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

ஆக, யார் வாங்கலாம்? சுருதியை இறக்கி வாசிக்கிறீர்கள், கம்பியைக் கனமாக்கிவிட்டீர்கள், பழைய பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூடிரைவரால் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டீர்கள், கெயினைக் குறைத்தும் பார்த்துவிட்டீர்கள், இன்னும் கூழ்தான் வருகிறது என்றால் தயங்காமல் வாங்கலாம். மேலே சொன்ன எதையும் செய்யாமல் வாங்குகிறவர் என்னைப் போல 750 ரூபாய்ச் சந்தோஷத்தை 10,900 ரூபாய்க்கு வாங்குவார். ஒரே கிட்டாரில் கீர்த்தனையும் மெட்டலும் வாசிப்பவர் இரண்டு முறை யோசிக்கட்டும். நான் திருப்பிக் கொடுப்பேனா என்றால், மாட்டேன். அந்த நான்கு அடிகளைக் கேட்ட பிறகு முடியாது.

பற்ற வைத்த கூலியாக அண்ணாச்சி வாங்கியது 200 ரூபாய். இரண்டாவது முறைக்கு வாங்க மறுத்துவிட்டார். பதிலாகப் பழைய பிக்கப்பைக் கேட்டார். போன வாரம் போனபோது, அதன் டேப்பை உரித்து, ஒரு சுருளின் நுனியைப் பிரித்தெடுத்து, காயில் சுற்றும் மெஷினில் எண்ணிக்கை மீட்டரைப் பூஜ்ஜியத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி. கம்பி அதற்குள் மூன்று முறை அறுந்துவிட்டதாம், எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டவில்லை. "கொடை முடியட்டும் தம்பி. இந்தக் கம்பி மதுரையில் கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறேன்" என்றார். மேசையோரத்தில் ஒரு கிண்ணத்தில் மெழுகுவர்த்தித் துண்டுகள் இருந்தன.